பட்டடையை எடைக்குப் போடாதீங்க!
சிறு கொல்லுப் பட்டறை அமைக்க நினைக்கும் குழுக்களுக்குச் சில விவரங்கள்



அரூர் பக்கம் கரும்பு வெட்டு, மரவள்ளி பிடுங்கு, மஞ்சள் வெட்டு எது தொடங்கினாலும் முதலில் தேடுவது கொல்லரைத்தான். கொடுவாள் மழுங்கிப் போச்சு, மண்வெட்டி வாய் தேஞ்சு போச்சு, களைக்கொத்து வளைஞ்சு போச்சு என்று ஆளுக்கொரு கருவியைத் தூக்கிக்கொண்டு நிற்போம். முன்பு நடந்து போகிற தூரத்தில் ஒரு பட்டறை இருந்தது. இப்போது பல ஊர்களில் ஆசாரி காலமானதோடு உலையும் அணைந்துவிட்டது. பிள்ளைகள் வெல்டிங் கடைக்கும், ஓசூர், பெங்களூர் கம்பெனிகளுக்கும் போய்விட்டார்கள். ஒரு அரிவாள் தட்டுவதற்கு பஸ் ஏறி டவுனுக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு.

அதனால்தான் "நாமே ஒரு சின்ன பட்டறை போட்டா என்ன?" என்று குழுக் கூட்டங்களில் பேச்சு வருகிறது. நல்ல யோசனை. ஆனால் அடுத்த பேச்சே "என்ன மிஷின் வாங்கலாம், எவ்வளவு லோன் கிடைக்கும்?" என்று போய்விடுகிறது. இங்கேதான் நிதானம் வேண்டும். லோன் போட்டு வாங்கிய பாக்குமட்டைத் தட்டு மிஷினும் மாவு மிஷினும் ஆறே மாதத்தில் சாக்கு மூடிக் கிடப்பதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? மிஷின் தூங்கும், வட்டி தூங்காது. கொல்லுப் பட்டறைக்குத் தேவையானதில் பாதி நம்ம ஊரிலேயே கிடக்கிறது. மீதியில் பாதியை அந்தப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். கடையில் வாங்க வேண்டியது கொஞ்சம்தான்.

"சம்மட்டி அடிக்கிறது ஆம்பிளைங்க வேலையாச்சே" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோட்டோரம் கூடாரம் போட்டு அரிவாள் அடித்து விற்கும் வடமாநிலக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஆண் உட்கார்ந்து இரும்பைப் பிடிக்கிறார். நின்று சம்மட்டி போடுவது பெரும்பாலும் பெண்தான். நம்ம ஊர்ப் பட்டறைகளிலும் துருத்தி ஊதினது யார்? ஆசாரி வீட்டு அம்மாதானே. கூலிக் கணக்கில்தான் அவர் பேர் இல்லை.

முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள்

மூடிக் கிடக்கும் பட்டறை உங்கள் பஞ்சாயத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த வீட்டில் பட்டடை இருக்கும். சிலர் அடைகல் என்பார்கள். இரும்பை வைத்து அடிக்கிற கனத்த இரும்புக் கட்டி. கூடவே குறடுகள், உளிகள், சம்மட்டி, அதிர்ஷ்டம் இருந்தால் கால் வைத்த வைஸ். கஷ்டம் வந்தால் அந்த அக்கா இதையெல்லாம் பழைய இரும்பு வண்டிக்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறார். எடைக்குக் கிடைக்கும் காசை வைத்து அதே மாதிரி ஒரு பட்டடை திரும்ப வாங்க முடியாது. எடை விலையைவிட நல்ல விலை கொடுத்துக் குழுவே வாங்கலாம். அல்லது மாத வாடகை பேசலாம். அதைவிட நல்லது, அந்த அக்காவையே குழுவில் பங்குதாரராகச் சேர்ப்பது. இரும்பு எந்த நிறத்தில் வந்தால் வெளியே எடுக்க வேண்டும் என்பது முப்பது வருஷம் துருத்தி ஊதியவருக்குத் தெரியும். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவருடைய பங்கைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்.

பழைய பட்டடை நல்லதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. லாரி பேரிங்கில் இருந்து வரும் எஃகுக் குண்டு ஒன்றை ஒரு சாண் உயரத்தில் இருந்து அதன் மேல் போடுங்கள். பாதிக்கு மேல் துள்ளி எழும்பினால் முகம் கெட்டியாக இருக்கிறது என்று அர்த்தம். சுத்தியால் தட்டினால் மணி மாதிரி கணீர் என்று கேட்க வேண்டும். குண்டு சொத்தென்று விழுந்து சத்தமும் மங்கலாக இருந்தால் வார்ப்பு இரும்பாகவோ விரிசல் விட்டதாகவோ இருக்கலாம். விட்டுவிடுங்கள்.

பட்டடை கிடைக்காவிட்டால்? தண்டவாளத் துண்டு நன்றாக வேலை செய்யும். நம் ரயில்வேயில் மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ எடையுள்ள தண்டவாளங்கள் உண்டு. 52 கிலோ வகையில் ஒன்றரை அடித் துண்டே சுமார் 24 கிலோ வரும். படுக்க வைப்பதைவிட நிமிர்த்தி நட்டு, மேல் நுனியில் அடிப்பது நல்லது. அப்போது முழு எடையும் அடிக்கு நேர் கீழே இருக்கும். இரும்பு சீக்கிரம் வளைந்து கொடுக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மொரப்பூர் ரயில் பாதை பக்கம் கிடந்தது என்று யாராவது கொண்டு வந்து கொடுத்தால் தொடாதீர்கள். 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருட்டு ரயில்வே இரும்பைக் கையில் வைத்திருப்பதே குற்றம். சிறைத் தண்டனை உண்டு. ரயில்வே ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் பில் போட்டு வாங்கி, பில்லைக் குழுக் கோப்பில் வையுங்கள். அந்த வம்பே வேண்டாம் என்றால் பழைய இரும்புக் கடையில் கனமான எஃகுக் கட்டி தேடுங்கள். நாலு அங்குலம் சதுரம், ஒரு அடி நீளம் இருந்தால் 25 கிலோ பக்கம் இருக்கும். அது போதும்.

பட்டடையைப் புளிய மரக் கட்டையில் பதித்து, கட்டையை இரண்டு அடி மண்ணுக்குள் புதையுங்கள். ஆடாத பட்டடை பாதி உழைப்பை மிச்சம் பண்ணும். உயரத்தைக் கவனியுங்கள். நின்று வேலை செய்வதானால், கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால் முட்டி எங்கே வருகிறதோ அந்த உயரம்தான் சரி. ஆறடி ஆளுக்கு வைத்த பட்டடையில் நாம் அடித்தால் ஒரே வாரத்தில் தோள் போய்விடும்.

உலையும் காற்றும்

உலைக்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை. செங்கல்லை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, நடுவில் ஒரு சாண் அகலம், நாலு விரல் ஆழத்தில் குழி விட்டு, களிமண்ணும் மணலும் குழைத்துப் பூசுங்கள். குழியில் சிமெண்ட் பூசாதீர்கள். சூட்டில் வெடித்துத் தெறிக்கும். பக்கவாட்டில் ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் வழியாகக் காற்று வர வேண்டும். பழைய லாரி பிரேக் டிரம் கிடைத்தால் அதையே உலைச் சட்டியாக வைத்து, அடியில் இருந்து காற்று விடலாம்.

ஜிஐ பைப் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் சூட்டில் வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் மாதிரி தூக்கிப் போடும். அதே காரணத்துக்காக, பளபளவென்று பூச்சு உள்ள எந்த இரும்பையும் உலையில் வைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் மூடிய குழாய், பழைய ஷாக் அப்சர்பர் இவற்றையும் வைக்கக் கூடாது, வெடித்துவிடும்.

துருத்தி விஷயத்தில், கரண்டில் ஓடும் பிளோயரைவிடக் கையால் சுற்றும் பிளோயரை முதலில் வாங்குங்கள் என்பது எங்கள் கருத்து. கரண்ட் போனாலும் வேலை நடக்கும். அதைவிட முக்கியம், கை நின்றால் காற்றும் நிற்கும். கரண்ட் பிளோயர் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதும் ஊதும். கரியும் தீரும், இரும்பும் கருகும். உலையில் வைத்த இரும்பில் இருந்து மத்தாப்பு மாதிரி பொறி பறந்தால் அது எரிகிறது என்று பொருள். அந்தப் பாகத்தை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

கரிக்கு நமக்குக் கவலை இல்லை. வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலக் கரி நல்ல சூடு தரும். பாக்கு அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துப் போடுங்கள். மூடிய அறையில் மட்டும் உலை மூட்டக் கூடாது. கரிப்புகையில் இருக்கும் விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். மேலே ஓலைக்குப் பதில் தகரம், நாலு பக்கமும் திறப்பு, கீழே மண் தரை. அதுதான் பட்டறை.

வாங்குவதும் செய்வதும்

கடையில் வாங்குவது: ஒரு கிலோ எடையில் கைச் சுத்தி, மூன்றரை கிலோ பக்கம் ஒரு சம்மட்டி, ஒரு குறடு, அரம் இரண்டு, கண்ணாடி இரண்டு, நாலு அங்குல கிரைண்டர். கிரைண்டரில் சக்கரத்துக்கு மேல் இருக்கும் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. நம்ம பட்டறையில் அது கூடாது. உடைந்த சக்கரத் துண்டு கண்ணுக்குத்தான் வரும்.

மற்ற குறடுகளைக் கம்பியில் நாமே அடிக்கலாம். கற்றுக்கொள்பவருக்கு முதல் பாடமே அதுதான். உளி, ஓட்டை போடும் ஊசி, கரி கிளறும் கம்பி எல்லாமே இரண்டு மாதத்தில் உலையில் பிறந்துவிடும். பவர் ஹாம்மர் லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். ஒரு வருஷம் பட்டறை ஓடி, ஆர்டர் தாங்காமல் கை வலிக்கும்போது அதைப் பற்றிப் பேசலாம்.

அரிவாளுக்கு எந்த இரும்பு? லாரி பட்டைதான். சாதாரணக் கட்டுக் கம்பியில் அரிவாள் அடித்தால் பார்க்க அழகாக இருக்கும், முனை நிற்காது. சந்தேகம் வந்தால் கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மிருதுவான இரும்பில் பொறி நீளக் கோடாகப் போகும். எஃகில் கோட்டு நுனியில் பூ மாதிரி வெடிக்கும். விரிசல் விட்ட பட்டையை விலை மலிவு என்று வாங்காதீர்கள்; அடித்து முடித்த பிறகுதான் அந்த விரிசல் வாய் திறக்கும்.

பதம் கொடுப்பதுதான் கொல்லர் வேலையின் உயிர். அடித்து முடித்த அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி, காந்தத்தைத் தொட்டுப் பாருங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பைக் காந்தம் இழுக்காது. அதற்கு ஒரு துளி மேல் சூடேற்றி எண்ணெயில் முக்க வேண்டும். லாரி பட்டையைத் தண்ணீரில் முக்கினால் பிளந்துபோக வாய்ப்பு அதிகம். பழைய இன்ஜின் ஆயிலின் புகை நல்லதல்ல. புங்க எண்ணெயோ, பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயோ போதும். தகர டப்பாவில் ஊற்றி, தீப்பிடித்தால் உடனே மூட மூடியோடு வையுங்கள்.

முக்கியதும் முனை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கல்லில் பட்டால் உடையும். அதனால் திரும்ப இளஞ்சூடு காட்ட வேண்டும். முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கம் சூடு காட்டினால் முனையில் நிறம் ஓடும்: முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, கத்தரிப்பூ, கடைசியில் நீலம். அரிவாளுக்குப் பழுப்பில் நிறுத்துங்கள். கல்லும் வேரும் வெட்டுகிற மண்வெட்டி, கடப்பாரைக்குக் கத்தரிப்பூவையும் தாண்டி நீலம் வரை விடலாம்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைலக்ஸ், பாலியஸ்டர் புடவையோடு உலைப் பக்கம் போகவே கூடாது. பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்திப் புடவையை இழுத்துச் செருகி, மேலே பழைய பருத்திச் சட்டை, காலில் செருப்பு இல்லை, மூடின ஷூ. கண்ணாடி வளையலைக் கழற்றி வையுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லுங்கள். கறுத்துப் போன இரும்பு ஆறிவிட்டது என்று நினைத்துத்தான் எல்லாரும் கை சுட்டுக்கொள்கிறார்கள்.

சொல்ல மறக்கக் கூடாத ஒன்று: இது நமக்கு அந்நியத் தொழில் அல்ல. நம்ம தீர்த்தமலையில் இரும்புத் தாது இருப்பதை வெள்ளைக்காரர் காலத்து நில ஆய்வு அறிக்கைகளே சொல்கின்றன. 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பக்கம், மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு சுமார் 4,200 ஆண்டு பழமையானது என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது.

காசுக் கணக்கு

1989-இல் ஐஃபாட் உதவியோடு தமிழக அரசு மகளிர் குழுத் திட்டத்தைத் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். அன்றிலிருந்து ஆடு, மாடு, பெட்டிக்கடைக்கே பெரும்பாலும் கடன் போகிறது. பட்டறைக்கும் போகலாம், ஆனால் மேலே சொன்ன சாமான்களுக்கு உள்கடனே போதும் என்பது எங்கள் கணக்கு. முதல் ஆறு மாதம் புதுக் கருவி அடித்து விற்க நினைக்காதீர்கள். பழசைக் காய்ச்சித் தட்டுவது, பிடி போடுவது, சாணை பிடிப்பது மட்டும் செய்யுங்கள். கூலி அன்றன்றே கைக்கு வரும், கையும் பழகும். கரி எவ்வளவு தீர்ந்தது, எத்தனை அரிவாள் தட்டினோம் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதினால்தான் ஒரு அரிவாளுக்கு என்ன கூலி கேட்கலாம் என்பது தெரியும். சர்க்கரை ஆலை அரவைக்கு முன்னால் வேலை குவியும். அதற்கு ஒரு மாதம் முன்பே கரி வாங்கி வைத்துவிடுங்கள்.

பெரிதாக்க நினைப்பவர்கள் தர்மபுரி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். தமிழக அரசு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அறிவித்தபடி 35 வயது நிறைந்தவருக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். இன்ன குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விதிகள் மாறக்கூடும் என்பதால், அனுபவச் சான்று வேண்டுமா, வேறென்ன ஆவணம் என்று அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு மனு போடுங்கள். கிரைண்டரை வீட்டு இணைப்பில் ஓட்டி மாட்டிக்கொள்ளாமல், தொழிலுக்கு என்ன கட்டணம் என்று மின்வாரியத்தில் கேட்டுத் தனி இணைப்பு வாங்குங்கள். தொழிலைப் பதிவு செய்யும் உதயம் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு நேரே தொழில் மையத்துக்குப் போய்விடுங்கள்.