மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பாதீர்கள்

தொழில்சார் மாநாடு என்றால் எம்மவர் பலர், "ஒருநாள் சம்பளத்தை இழந்து அங்கே போய் என்ன கண்டது?" என்று கேட்பார்கள். போகிறவர்களிலும் பலர் கடைசி வரிசையில் இருந்து உரைகளைக் கேட்டுவிட்டு, பை நிறைய விளம்பரத் துண்டுகளோடு வீடு திரும்புகிறார்கள். உரையில் சொன்னதைப் பின்னர் வாசித்தும் அறியலாம். அதே தொழிலைச் செய்யும் நூறு பேரை ஒரே இடத்தில் சந்திக்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

ஊரில் "இன்னாரின் மகன்" என்றால் போதும், கதவு திறக்கும். புகலிட நாட்டில் அந்த அறிமுகத்தை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். வணிகப் பட்டம் இருந்தும் கடைக்கணக்கு எழுதுவதோடு நின்றுவிட்ட எம்மவர் பலருக்கு இல்லாமற் போனது இந்த அறிமுகமே.

லண்டன் எக்செல் மண்டபத்தில் மே மாதத்தில் நடைபெறும் 'அக்கவுன்டெக்ஸ்' கணக்காளர் நிகழ்வை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாள் நிகழ்வு. துறைசார்ந்தோர் முன்கூட்டிப் பதிவு செய்தால் நுழைவு இலவசம்.

போகுமுன், உங்கள் வேலையில் தீராமல் இருக்கும் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் சுயதொழிலாலும் வீட்டு வாடகையாலும் ஆண்டுக்கு 50,000 பவுண்களுக்கு மேல் மொத்த வரவு உள்ளவர்கள், 2026 ஏப்ரல் முதல் காலாண்டுக்கு ஒருமுறை மென்பொருள் மூலம் வரித்துறைக்கு விபரம் அனுப்ப வேண்டும். 2027இல் இந்த எல்லை 30,000 பவுண்களாகக் குறையும். கடையும் வாடகை வீடும் வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரே மென்பொருள் போதுமா? மாதக் கட்டணம் எவ்வளவு? இவற்றை விற்பனையாளரிடம் நேரிலேயே கேளுங்கள்.

தேநீர் இடைவேளையில் தெரிந்த முகங்களோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். ஆங்கிலம் சரளமாக வராதே என்ற தயக்கம் பலருக்கு உண்டு. "இதை உங்கள் அலுவலகத்தில் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சின் பெரும்பகுதியை எதிரில் இருப்பவரே பார்த்துக்கொள்வார்.

இரண்டு நாட்களுக்குள், பேசிய விடயத்தை நினைவூட்டி நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். பிந்தினால் முகமும் மறந்துவிடும்.

ஏ.சி.சி.ஏ. உறுப்பினர்கள் ஆண்டுக்கு 40 மணிநேரத் தொழிற்கல்வியைக் காட்ட வேண்டும். அதில் 21 மணிநேரத்துக்கு ஆதாரம் தேவை. அமர்ந்திருந்த நேரம் தானாகக் கணக்கில் வராது. கற்றது வேலைக்குப் பொருத்தமானதா, அதை எங்கே பயன்படுத்தினீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அன்றிரவே குறித்து வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை.

சுயதொழில் செய்வோர், தற்போதைய தொழிலுக்காக மட்டுமே சென்றுவந்த பயணச் செலவைக் கணக்கில் காட்டலாம், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். சம்பளத்துக்கு வேலை செய்வோர், எந்தச் சிக்கலுக்கு விடை கொண்டுவருவீர்கள் என்று மேலாளரிடம் சொல்லி அந்த நாளைக் கேட்டுப் பெறுங்கள்.

இருபது முகவரி அட்டைகள் தேவையில்லை. வேலைக்கு ஆள் தேடும்போது உங்கள் பெயரை நினைக்கக்கூடிய இரண்டு பேர் கிடைத்தால், அந்த ஒருநாள் சம்பளம் வீண்போகவில்லை.