டிஸ்சார்ஜ் சொல்லியாச்சு... பிறகும் ஏன் காத்திருக்கணும்?

காலை ரவுண்ட்ஸில் டாக்டர், "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். பையெல்லாம் கட்டியாச்சு. சாயங்காலம் ஆகியும் இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை. கவுன்டரில் கேட்டால் ஒரே பதில்: "குவெரி போட்டிருக்காங்க சார், டாக்டர் ரிப்ளை பண்ணணும்." அந்த டாக்டரோ ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார்.

டாக்டருக்கு இதில் என்ன வேலை?

கேஷ்லெஸ் சிகிச்சைக்கான முன் அனுமதிப் படிவத்தில் ஒரு பகுதியைச் சிகிச்சை தரும் டாக்டர்தான் நிரப்ப வேண்டும். என்ன நோய், அறிகுறி எப்போது தொடங்கியது, சர்க்கரை, பிரஷர் எத்தனை வருஷமாக இருக்கு, ஏன் அட்மிஷன் தேவை என எல்லாம் எழுதி, கையெழுத்தும் பதிவு எண்ணும் போட வேண்டும். கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே எழுதியதையே மறுபடி எழுதும் வேலை. ஒரு தேதி மாறினாலும் குவெரி திரும்பி வரும். அதற்குப் போகும் நேரம், வெளியே காத்திருக்கும் நோயாளிகளின் நேரம்.

விதி என்ன சொல்கிறது?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையில் கெடு விதித்தது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்தால் 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதைத் தாண்டினால், மருத்துவமனை கேட்கும் கூடுதல் கட்டணம் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு.

நல்ல விதிதான். ஆனால் கடிகாரம் ஓடுவது நிறுவனத்துக்கு மட்டுமே. டாக்டர் எழுத வேண்டிய பேப்பர் குறையவில்லை.

பேப்பர் எப்படிக் குறையும்?

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி போர்ட்டல் என்பதே மருத்துவமனைகளின் பெரிய தலைவலி. எல்லா க்ளெய்மும் ஒரே வடிவத்தில், ஒரே வழியில் போக 'தேசிய சுகாதார க்ளெய்ம் எக்ஸ்சேஞ்ச்' உருவாக்கப்பட்டுள்ளது. கேஸ் ஷீட் டிஜிட்டலாக இருந்து, அதிலிருந்தே விவரங்கள் படிவத்துக்குப் போனால்தான் டாக்டருக்கு உண்மையான நிம்மதி. கையால் எழுதும் கேஸ் ஷீட் இருக்கும்வரை, யாராவது உட்கார்ந்து டைப் செய்துதான் ஆகணும்.

நாம் என்ன செய்யலாம்?

* திட்டமிட்ட ஆபரேஷன் என்றால், சில நாள் முன்பே இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் பேசிவிடுங்கள்.
* பழைய மருந்துச் சீட்டுகளை போனில் படமெடுத்து வையுங்கள்.
* சர்க்கரை, பிரஷர் எத்தனை வருஷம் என்பதை எல்லோரிடமும் ஒரே மாதிரி, உண்மையாகச் சொல்லுங்கள். பாதி குவெரி அங்கேயே அடிபடும்.
* இழுத்தடித்தால் முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் 'பீமா பரோசா' போர்ட்டல் அல்லது 155255.