நூலுக்குப் பிடிபடும் அச்சு

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அந்தப் பக்கமெல்லாம் மறுபடி தண்ணீரைத் தேக்கியது. மேற்குத் தாம்பரத்தில் பிக்கப் வைத்திருக்கும் ஒருவர், வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிவிடலாமா என்று யோசிப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. தூக்குவதும் எளிதுதான். இஸுஸு வி-கிராஸ் போன்ற வண்டியில் முன்பக்க ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு ஸ்பேசர் வைத்தால் போதும். ஷாக்கின் அடி லோயர் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால், ஒரு அங்குல ஸ்பேசர் வண்டியை ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயர்த்திவிடும்.

ஸ்டீயரிங் அலைவதும் டயர் ஒரு பக்கமாகத் தேய்வதும் அதன் பிறகு தொடங்கும். முன்சக்கரத்தை மேலே ஒரு குட்டை ஆர்மும் கீழே ஒரு நீள ஆர்மும் பிடித்திருக்கின்றன. வண்டி உயர்ந்ததும் இரண்டும் கீழே சரிகின்றன. நீளம் வேறு என்பதால் அவற்றின் நுனிகள் வெவ்வேறு வட்டத்தில் நகர்கின்றன. பெரும்பாலும் சக்கரத்தின் தலை வெளியே சாயும். இது கேம்பர். சக்கரங்களைத் திருப்பும் டை ராடும் சரிவதால், மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும். இது டோ. எந்தப் பக்கம் பார்க்கும் என்பது டை ராட் அச்சுக்கு முன்னே இருக்கிறதா, பின்னே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

டோ அரை டிகிரி பிசகினால் என்ன ஆகும்? அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது சுமார் 9 மீட்டர் பக்கவாட்டிலும் இழுபடும். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு சுமார் 30 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் டயரின் ரப்பர் 260 மீட்டர் தூரம் குறுக்கே உரசியிருக்கும்.

இவ்வளவு நுண்ணிய பிசகைப் பிடிக்கக் கம்ப்யூட்டர் அலைன்மென்ட்தான் வேண்டும் என்றில்லை. கொத்தனார் பையிலுள்ள நூலும் தூக்குக் குண்டும் போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, இரு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில், வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்ட வேண்டும். 18 அங்குல ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கு ஓர் அளவு, பின் விளிம்பிலிருந்து ஓர் அளவு. இரண்டுக்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் அதுதான் அரை டிகிரி. கேம்பருக்கு அதே ரிம்மின் முன்னே தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் அளக்கலாம். 8 மில்லிமீட்டர் என்றால் ஒரு டிகிரி.

என்னை அசரவைப்பது மூன்றாவது கோணமான காஸ்டர். மேல் பால் ஜாயின்டையும் கீழ் பால் ஜாயின்டையும் இணைத்து ஒரு கோடு கற்பனை செய்யுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் அந்தக் கோட்டைச் சுற்றித்தான் திரும்புகிறது. அதன் தலை சில டிகிரி பின்னால் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் ஸ்டீயரிங் நேர்நிலைக்குத் திரும்ப முயல்கிறது. வண்டியைத் தூக்கினால் இந்தச் சாய்வு பெரும்பாலும் குறையும். வேகத்தில் வண்டி அலைபாயும். ஆனால் இந்தக் கோட்டைத் தொட முடியாது, நூலை அதன்மேல் வைக்கவும் முடியாது. இரும்புக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது.

அதைச் சக்கரமே காட்டிக்கொடுக்கும். பின்னால் சாய்ந்த அச்சில் திரும்பும் எந்தச் சக்கரமும், திரும்பத் திரும்பத் தானும் சாய்ந்தாக வேண்டும். ஆகவே சக்கரத்தை 20 டிகிரி உள்ளே திருப்பித் தூக்குக் குண்டால் கேம்பரை அளக்க வேண்டும். பிறகு 20 டிகிரி வெளியே திருப்பி மறுபடி அளக்க வேண்டும். இரண்டின் வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் கிடைத்துவிடும். 2 டிகிரி வித்தியாசம் என்றால் காஸ்டர் 3 டிகிரி. ஒன்றரை என்ற எண் 20 டிகிரியின் சைன் மதிப்பிலிருந்து வருகிறது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். டயர் தரையில் சிக்காமல் திரும்ப, நடுவே கிரீஸ் தடவிய இரண்டு இரும்புத் தகடுகளை அதன் அடியில் வைக்கலாம். பின்சக்கரங்களுக்கும் அதே கனத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1949 முதல் ஆட்டோமொபைல் பொறியியல் கற்பிக்கிறார்கள். அங்கே படிக்கும் வடிவியலும் மெக்கானிக் ஷெட்டில் தொங்கும் இந்த நூல் சொல்வதும் ஒன்றேதான்.

அளந்த பிறகு சரிசெய்வது வரிசையாக நடக்க வேண்டும். பால் ஜாயின்டிலோ டை ராட் முனையிலோ ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். இல்லையென்றால் எடுத்த அளவு எதுவும் நிற்காது. பல வண்டிகளில் லோயர் ஆர்மின் அடியிலுள்ள கேம் போல்ட்டுகளைத் திருப்பிக் கேம்பரையும் காஸ்டரையும் மீட்கலாம். அந்த போல்ட் எல்லை வரை போயும் கோணம் வரவில்லை என்றால், விலை உயர்ந்த அப்பர் ஆர்ம் வாங்குவதைவிட மெல்லிய ஸ்பேசருக்கு மாறுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். உயரம் கூடக்கூட வண்டி கவிழும் அபாயமும் கூடுகிறது. டிரைவ் ஷாஃப்ட் வளைவும் பிரேக் ஹோஸின் இழுவையும் கூடுகின்றன. சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஸ்பேசர் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிட வேண்டும்.

டோவைத் தொடுவது கடைசியில்தான். கேம்பரையும் காஸ்டரையும் அசைத்தால் டோவும் அசையும் என்பதால், முதலில் அதைச் சரிசெய்தால் உழைப்பு வீண். இரு பக்க டை ராடையும் சம அளவில் முறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, சஸ்பென்ஷன் அமர்ந்ததும் இன்னொரு முறை நூலைப் பார்த்து, லாக் நட்டை இறுக்கிவிடலாம்.