தாத்தாவின் சைக்கிள்



தோட்டத்து வீடுகளின் பின்புறம் போய்ப் பார்த்தால், கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலோ விறகு அடுக்கின் மேலோ ஒரு பழைய கறுப்புச் சைக்கிள் சாய்ந்து கிடக்கும். தாத்தா ஓட்டியது என்பார்கள். பழைய இரும்பு வாங்கும் லோரி வருகிற நாளில் அது எடைக்குப் போய்விடும். அப்படிப் போவதற்கு முன்னால், அது எந்தச் சைக்கிள், அதை மறுபடி ஓட வைக்க முடியுமா என்று பார்ப்பது எப்படி? இதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மலாயாவில் அந்தக் காலத்தில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்துச் சைக்கிள்கள். ராலே, ரட்ஜ், ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் என்று பல பெயர்கள். கிராணியார் பிரட்டுக்குப் போனதும், மரம் வெட்டுகிறவர்கள் பால்வாளியைக் கட்டிக்கொண்டு போனதும் இவற்றில்தான். 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படையினர் தெற்கு நோக்கி வந்ததும் சைக்கிளில்தான். ஊர் மக்களின் சைக்கிள்களையும் பறித்துக்கொண்டார்கள். டயர் வெடித்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே மிதித்தார்களாம். இன்று நம் வீடுகளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அதற்குப் பிறகு, 1950களிலும் 1960களிலும் வாங்கியவை.

அடையாளம் காண முதலில் செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மணல் தாளை எடுக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பயிற்சிக் கல்லூரியில் சேர்வதற்கு முன், ஒரு விடுமுறையில், என் தாத்தாவின் சைக்கிளைப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். எழுத்து, பொன்கோடு எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டுப் பச்சைச் சாயம் அடித்தேன். பல்சக்கரம் துருப்பிடித்திருந்ததால் அதையும் எறிந்துவிட்டுப் புதியது போட்டேன். பாட்டி வெளியே வந்து பார்த்துவிட்டு, “இது யாரு சைக்கிளுப்பா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஆகவே, சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள். தின்னரும் பெட்ரோலும் எழுத்துகளைக் கரைத்துவிடும். அழுக்கு நீங்கியதும் ஹேண்டலுக்குக் கீழே, முன் குழாயில் உள்ள சின்னத்தைப் பாருங்கள். நாரையின் தலை என்றால் ராலே. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து வைத்திருந்தால் பி.எஸ்.ஏ.; அது ஆதியில் துப்பாக்கி செய்த கம்பெனி. சின்னம் விழுந்துபோயிருந்தால் பல்சக்கரத்தைப் பாருங்கள். அதிலும் நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். விரித்த கை இருந்தால் ரட்ஜ். ஹம்பருக்கு இன்னும் எளிய அடையாளம் உண்டு: முன் போர்க்கில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு மெல்லிய குழாய்கள் இருக்கும். என் தாத்தாவின் வண்டி ஹம்பர் என்று பிற்பாடு நான் கண்டுகொண்டது அந்தப் போர்க்கை வைத்துத்தான். அதை மட்டும் நான் கெடுக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ராலே கம்பெனி 1932இல் ஹம்பர் சைக்கிளையும், 1943இல் ரட்ஜையும், 1957இல் பி.எஸ்.ஏ. சைக்கிளையும் வாங்கிக்கொண்டது. ஆகவே, பிற்காலத்து ரட்ஜ் என்பது பெயரில் ரட்ஜ், உடம்பில் ராலே. சாமான் வாங்கும்போது இது முக்கியம். ராலே தன் பெடல் அச்சுக் கிண்ணங்களில் அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. மற்றவர்கள் வெட்டியது 24. ஒன்றை மற்றொன்றில் பலவந்தமாக முறுக்கினால் சட்டத்தின் மரையே போய்விடும். அதற்குப் பிறகு அது இரும்புக் கடைக்குத்தான்.

வண்டியின் வயதை அறிய, பின் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைப் பாருங்கள். மூன்று கியர் உள்ள ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பாக இருந்தால், அதன் உருளையில் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளோடு எண்களும் பதித்திருக்கும். 53, பக்கத்தில் 6 என்று இருந்தால், அது 1953 ஜூன் மாதம் செய்தது. சக்கரத்தை இடையில் யாரும் மாற்றவில்லை என்றால், வண்டியின் வயதும் ஏறக்குறைய அதுதான். கம்பிகளையும் எண்ணிப் பாருங்கள். முன்னால் 32, பின்னால் 40 என்றால் பழைய இங்கிலாந்து வழக்கம்.

எங்காவது ஓர் அமெரிக்கச் சைக்கிள் அகப்பட்டாலும் அகப்படலாம். சிகாகோ நகரத்து ஷ்வின் கம்பெனி 1933இல் பருத்த டயர் போட்ட சைக்கிளைக் கொண்டுவந்தது. அந்த வகையில் இரண்டு பெடல் கைகளும் நடு அச்சும் ஒரே இரும்புத் துண்டாக வளைந்திருக்கும். பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும். நம் தாத்தாக்களின் சைக்கிளிலோ பெடல் கையை அச்சோடு சேர்ப்பது காட்டர் ஆணி.

இந்தக் காட்டர் ஆணியில்தான் அதிகம் பேர் தோற்றுப்போகிறார்கள். இரண்டு மூன்று நாள் துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பிறகு நட்டைத் தளர்த்தி ஆணியின் முனையோடு சமமாக வையுங்கள். பெடல் கைக்கு அடியில், ஆணியின் தலை நுழையும்படி ஒரு தடித்த இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்துவிட்டு, ஒரே அடியாக அடியுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி உள்ளே போய், குண்டுகள் உருளும் கிண்ணத்தில் பள்ளம் விழும். இடது பெடலுக்கும் வலப்பக்கக் கிண்ணத்துக்கும் மரை எதிர்ப்பக்கம். இரண்டையும் கடிகார முள் போகிற திசையில் சுற்றினால்தான் கழலும். உள்ளே பக்கத்துக்கு 11 குண்டுகள், கால் அங்குலம். அவற்றை மட்டும் புதிதாகவே போடுங்கள், விலை அதிகமில்லை.

ஹேண்டல், ரிம் இவற்றின் குரோமியத்தில் உள்ள துருவுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். கறுப்புச் சாயத்தைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் பிள்ளைகளின் உடம்புக்குள் போவது நல்லதல்ல.

டயர் வாங்கும்போது கடைக்காரர் 28 என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது 28க்கு ஒன்றரை. டயரின் பக்கத்தில் 635 என்று போட்டிருக்கும். 622 என்று போட்டதும் 28 என்ற பெயரில் விற்கிறது. அது இந்த ரிம்மில் உட்காராது.

மூன்று கியர் ஹப் பெரும்பாலும் உள்ளே நன்றாகவே இருக்கும். சிறு மூடியைத் திறந்து மெல்லிய எண்ணெய் சில சொட்டு விட்டு, பலமுறை சுற்றுங்கள். ஸ்டர்மி-ஆர்ச்சர் 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மூடப்பட்டுத் தைவான் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. பெயர் இன்னும் இருக்கிறது.

ஆனால், பிள்ளையை ஏற்றுவதற்கு முன் கியர்க் கம்பியைச் சரிபார்த்தே ஆக வேண்டும். கியரை இரண்டில் வைத்துவிட்டு, பின் அச்சின் வலப்பக்க நட்டில் உள்ள சிறு துளை வழியாகப் பாருங்கள். உள்ளிருந்து வரும் சங்கிலிக் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லாவிட்டால், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கியர் பிடிப்பை விட்டுவிடும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிற பிள்ளை அப்படியே முன்னால் விழும். முன் போர்க்கின் மேல் பகுதியில் மயிர் போன்ற விரிசல் தெரிந்தால், அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம். சுவரில் மாட்டி வையுங்கள்.

ஓட ஆரம்பித்த முதல் வாரத்தில் காட்டர் ஆணியின் நட்டை இரண்டு முறையாவது இறுக்குங்கள். புது ஆணி மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். பெடலை மிதிக்கும்போது ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டால், அது தளர்ந்திருக்கிறது என்று பொருள்.