பசுமை வளையத்துக்குள் ஊர் எப்படி வளரும்?

டொரொன்டோவுக்கு வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் செறிந்து வாழும் மார்க்கம், பிக்கரிங் பக்கத்திலிருந்து காரில் கொஞ்சம் வடக்கே போனால் வீடுகள் ஓரிடத்தில் சட்டென்று நின்று, சோள வயல்கள் தொடங்கிவிடும். ஒன்டாரியோ மாகாணம் 2005-இல் சட்டம் போட்டு வரைந்த எல்லை அது. 'கிரீன்பெல்ட்' எனப்படும் இந்தப் பசுமை வளையம் இன்று ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர். ஓக் ரிட்ஜஸ் மேடும் அதற்குள்தான் இருக்கிறது. பனியாறுகள் விட்டுப்போன மணலும் சரளையுமான அந்த மேட்டில் ஊறி இறங்கும் மழைநீர்தான் சுற்றுவட்டார ஆறுகள் பலவற்றுக்கு ஊற்று.

வளையத்துக்குள் ஆளே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சிற்றூர்களும் சிறு நகரங்களும் உண்டு. அங்கும் பிள்ளைகள் பிறக்கிறார்கள், குடும்பங்கள் வந்து சேர்கின்றன. சின்னஞ்சிறு குடியிருப்புகளில் வீடுகளுக்கு நடுவே காலியாகக் கிடக்கும் மனைகளில் கட்டலாம். ஓரங்களில் உள்ள இடைவெளிகளையும் சற்றே நிரப்பலாம். சிறு நகரங்கள் கொஞ்சம் விரியலாம். ஆனால் 2017-இல் திருத்திய விதிகள், அந்த விரிவு ஊர்ப் பரப்பில் 5 சதவீதத்தையும் 10 ஹெக்டேரையும் தாண்டக்கூடாது என்றன.

இவற்றைவிட வலுவானது தண்ணீர் விதி. பெரிய ஏரிகளிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் இல்லாத ஊர்களுக்கு அதைப் புதிதாக நீட்டக் கூடாது. பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்பது போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு. குழாய் போன இடத்துக்கு மனைப்பிரிவும் பின்னாலேயே போகும் என்பதைத் திட்டமிட்டவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் புதிதாக வருபவர்கள் எங்கே குடியேறுவது? நகரத்துக்குள்தான். தனி வீடு ஒன்றே நின்ற மனையில் நான்கு குடும்பம் வாழும் வீடு கட்ட டொரொன்டோ 2023-இல் நகரம் முழுவதும் அனுமதி தந்தது. பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்து வாழ்க்கையைத் தொடங்கிய நம்மவர்களுக்கு இதன் அருமை தெரியும். ரயில் நிலையங்களைச் சுற்றி அடுக்குமாடிகளுக்கும் இடம் இருக்கிறது. வீட்டுத் தட்டுப்பாட்டுக்கு நிலப் பற்றாக்குறை காரணமல்ல என்று மாகாண அரசே அமைத்த குழு 2022 பிப்ரவரியில் எழுதிக்கொடுத்தது.

ஆனாலும் அதே ஆண்டின் இறுதியில், 50,000 வீடுகள் கட்டுவதற்கென்று 7,400 ஏக்கரை அரசு வளையத்திலிருந்து நீக்கியது. அதில் பெரும்பகுதி பிக்கரிங்கில் உள்ள டஃபின்ஸ் ரூஜ் வேளாண் காப்பு நிலம். 1970-களில் புதுநகரம் அமைக்கவென்று அரசு கையகப்படுத்தி, பிறகு விவசாயத்துக்கு மட்டும் என்ற பத்திர நிபந்தனையோடு திருப்பி விற்ற முதல்தர மண் அது. விவசாய நிலத்துக்குரிய விலையில் கைமாறிய மண்ணில் வீடு கட்டலாம் என்று ஆகிவிட்டால் லாபம் யாருக்கு? நீக்கிய நிலங்களின் உரிமையாளர்களுக்கு 830 கோடி டாலருக்கு மேல் மதிப்பு கூடியிருக்கும் என்று 2023 ஆகஸ்டில் தலைமைத் தணிக்கையாளர் கணக்குச் சொன்னார். செப்டம்பரில் வீட்டுவசதி அமைச்சர் பதவி விலகினார். அதே மாதம் முதல்வர் டக் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றார்.

நிலம் மீண்டது. ஆனால் எல்லை நகரக்கூடும் என்ற எண்ணமே வயலைக் கெடுக்கும் என்பதை நாம் மறக்கக்கூடாது. முதலீட்டாளர் வாங்கிவைத்த நிலத்தைக் குறுகிய குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் வடிகால் குழாய் பதிக்கமாட்டார், பழமரம் நடமாட்டார். அடுத்த ஆண்டு அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று அவருக்குத் தெரியாது. உறுதியாக நிற்கும் எல்லைதான் விவசாயிக்கு நீண்டகாலத் துணிச்சலைத் தருகிறது. நகரத்தையும் உள்ளுக்குள்ளேயே கட்டவைக்கிறது.

2023 இறுதியில் வந்த புதிய சட்டம் எல்லைகளைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டது. முன்பு அமைச்சரவை ஆணை ஒன்றே போதுமாக இருந்தது. இனி எல்லைக் கோட்டை நகர்த்த வேண்டுமானால் சட்டமன்றத்தில் எல்லோரும் பார்க்க மசோதா கொண்டுவர வேண்டும்.