மாத்தளையில் கூவாத சேவல்

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு மலையேறிய நம் முன்னோருக்கு மாத்தளைதான் வாசற்படி. 2023இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணமும் இங்கேதான் முடிந்தது. ஆனால் அந்த மக்களின் பெரிய கட்சியான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) இந்த வாசற்படியில் நின்றதே தவிர, ஒருநாளும் இங்கே குடியிருக்கவில்லை.

1939இல் நேருவின் கொழும்பு வருகையோடு இலங்கை இந்திய காங்கிரஸ் என்ற பெயரில் பிறந்த அக்கட்சி, 1947 தேர்தலில் ஏழு தொகுதிகளை வென்றது. நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா என்று போகும் அந்த வரிசையில் மாத்தளை இல்லை. வென்றதே வினையானது. மறு வருடம் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது, 1949இல் வாக்கும் போனது. 1952இல் காங்கிரஸுக்கு ஒரு நாற்காலிகூட மிஞ்சவில்லை.

வாக்கில்லாத கட்சியைச் சந்தாப் பணம் காப்பாற்றியது. இ.தொ.கா.வின் உயிர் தோட்டக் கமிட்டியில் இருந்தது. வேலையிலிருந்து பேர் வெட்டினாலும், தோட்டத் துரை சீறினாலும் லயத்துக்காரர் ஓடியது கமிட்டித் தலைவரிடம்தான். 1977இல் கட்சித் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நாடாளுமன்றம் போனார், அடுத்த வருடம் அமைச்சரானார். நாடற்றவர் பிரச்சினையை 1988 சட்டம் வரை இழுத்து வந்தது அவருடைய பேரம். அதை மறுப்பவர் நன்றி மறந்தவர்.

மாத்தளைக் கணக்கோ வேறு. இங்கே ரப்பர், கொக்கோ, மிளகுத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. 1970களின் காணிச் சீர்திருத்தம் அவற்றை மேலும் துண்டாடியது. மாவட்டத்துக்கு ஐந்து எம்.பி.க்கள், தமிழரோ சுமார் பத்தில் ஒருவர். இ.தொ.கா.வின் சேவல் சின்னம் தனியே நின்று இங்கே எம்.பி. ஆக முடியாது. ஆகவே யானை, வெற்றிலை, மொட்டு என்று காலத்துக்கொரு பெரிய கட்சியின் நிழல் தேவைப்பட்டது.

1999இல் தொண்டமான் மறைந்தார். 2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணி மலையக வாக்கைப் பிரித்தது. 2020இல் அவருக்குப் பின் கட்சியை நடத்திய ஆறுமுகன் தொண்டமானும் மறைந்தார். என்னைக் கேட்டால், கட்சியின் சரிவு தலைவர்களின் மறைவால் வந்ததல்ல. தோட்டக் கம்பனிகளுடனான கூட்டு ஒப்பந்த மேசையில் இ.தொ.கா. வருடக்கணக்காகக் கேட்ட ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் அந்த மேசையில் கிடைக்கவில்லை. 2021இல் சம்பள நிர்ணய சபைதான் அதைக் கொடுத்தது. சந்தா கட்டியவர் கணக்குக் கேட்காமல் இருப்பாரா?

அடுத்த தேர்தலுக்கு இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கம் வரும் தலைவர்களே, சின்னத்தை விடுங்கள். லயத்துக் குடும்பங்களுக்குரிய ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப் பத்திரத்தைக் கையோடு கொண்டு வாருங்கள்.