தை மூன்றுக்கு அப்புறம்

பொங்கல் முடிந்து தை 3-ஆம் தேதி சேவுகம்பட்டியில் வாழைப்பழம் சூறைவிடுவார்கள். பட்டிவீரன்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பேரூராட்சி இது. சோலைமலை அழகர் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கூடை கூடையாகப் பழம் சுமந்து வந்து கூட்டத்துக்குள் வீசுகிறார்கள். கையில் விழுந்த பழத்தைப் பிரசாதமாக வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் அந்த ஒரு நாளுக்காக லீவை இழுத்துப் போட்டுக்கொண்டு தங்குவதும் உண்டு. பொங்கல், கரும்பு, கறிச்சோறு, மாமன் வீடு, அத்தை வீடு என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. அப்படித்தான் ஓட வேண்டும். வருஷம் முழுக்க விடியலில் எழுந்து ஓடுகிற ஒருவருக்கு அந்தத் தூக்கமும் அந்தச் சாப்பாடும் நியாயமாகக் கிடைத்தவை. அதற்கு அடுத்த திங்கட்கிழமை, ஷூவை மறுபடி மாட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அன்றைக்கு ரோட்டில் இறங்குகிறவர்களில் சிலர் பந்தயக்காரர்கள். சென்னை மாரத்தான் ஜனவரியின் முதல் வாரங்களில் நடக்கிறது. அதில் ஓடிவிட்டு ஊருக்கு வருகிறவருக்குப் பொங்கல் இயல்பாகவே ஓய்வுக்காலமாக அமைகிறது. ஆனால் இந்த வட்டாரத்தில் விடியலில் ஓடுகிறவர்களில் நிறையப் பேருக்கு மாரத்தான் கனவு கிடையாது. அவர்கள் போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் தயாராகிறவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். 1,500 மீட்டர் என்றால் 400 மீட்டர் கிரவுண்டில் மூன்றே முக்கால் ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 விநாடிக்கு மேல் போகக் கூடாது. பழகின பையனுக்கு இது பெரிய வேகம் இல்லை. விட்டுப்போன பையனுக்கு மூன்றாவது ரவுண்டில் நெஞ்சு அடைக்கும்.

விட்டுப்போவதற்குக் காரணம் பொங்கல் மட்டும் இல்லை. எழுத்துத் தேர்வு நெருங்கினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் புத்தகத்தில் உட்காருகிறார்கள். தேர்வு முடிந்ததும், ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கிறார்கள். ரிசல்ட் வந்து, 'பிசிக்கல்' தேதி கையில் கிடைத்ததும் ஒரே பதற்றம். மூன்று மாதமாக ஓடாத கால்களை மூன்று வாரத்தில் தயார்செய்யப் பார்க்கிறார்கள். விடுமுறை முடிந்து திரும்புகிற மாரத்தான்காரர் செய்வதும் இதே தவறைத்தான். அவருக்குப் போவது ஒரு பதக்கம். இந்தப் பையனுக்குப் போவது வேலை.

முதல் நாள் ஓடியதும் எல்லோரும் சொல்வது, "ஸ்டாமினா போயிருச்சு." உண்மையில் எவ்வளவு போனது? அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கோய்ல் குழுவினர் இதை அளந்து 1984-இல் வெளியிட்டார்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற 7 பேரை 84 நாட்கள் பயிற்சியே இல்லாமல் இருக்கச் சொன்னார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் 21 நாட்களில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாட்களில் 16 சதவீதம் வரை இறங்கி, அதன்பின் நின்றுவிட்டது. 84 நாள் சும்மா இருந்த பிறகும், பயிற்சியே இல்லாதவர்களைவிட அவர்கள் மேலேதான் இருந்தார்கள். வருஷக்கணக்கில் தசைக்குள் வளர்ந்த நுண்ணிய ரத்தக் குழாய்கள் அப்படியே இருந்தன.

முதலில் குறைவது ரத்தத்தின் அளவு. பயிற்சி செய்கிற உடம்பு ரத்தத்தில் நீர்ப்பகுதியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. ஓட்டம் நின்றால் அந்தக் கூடுதல் நீர் சில நாட்களிலேயே குறையத் தொடங்குகிறது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் ரத்த அளவு ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்ததை அதே கோய்ல் 1986-இல் காட்டினார். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுகிற ரத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் கூடுதல் வேகத்தில் அடித்துக்கொள்கிறது. பொங்கலுக்கு முன் பேசிக்கொண்டே ஓடிய அதே வேகத்தில் இப்போது மூச்சு வாங்குவது இதனால்தான். சோம்பலும் இல்லை, தொப்பையும் இல்லை. விடுமுறையில் தின்ற மலைவாழையின் மேல் பழியைப் போடவே வேண்டாம். 2008-இல் புவிசார் குறியீடு வாங்கிய சிறுமலைப் பழமும் விருப்பாச்சிப் பழமும் சேவுகம்பட்டி இருக்கிற இதே மாவட்டத்துடையவை. ஓட்டம் முடித்து வருகிறவருக்கு அவற்றைவிட நல்ல உணவைக் கடையில் காசு கொடுத்துத் தேட வேண்டியதில்லை.

போன ரத்தம் சீக்கிரம் திரும்புகிறது. ஒன்றிரண்டு வாரம் நிதானமாக ஓடினாலே நீர்ப்பகுதி ஏறிவிடும், மூச்சு சீராகும். 'வந்துட்டேன்' என்று தோன்றுகிற அந்த இரண்டாவது வாரத்தைத்தான் நான் பயந்து பார்க்கிறேன். மூச்சு தயாராகிவிட்டது, கால் இன்னும் தயாராகவில்லை. தசைநாருக்கும் எலும்புக்கும் ரத்தத்தின் அவசரம் கிடையாது. எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும்போது முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது, அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. கரைக்கச் சில வாரம், கட்டி இறுக்கச் சில மாதம். நடுவில் அந்த எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிற ஒரு காலம் உண்டு. மூச்சு நன்றாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுகிறவர் சரியாக அந்தக் காலத்தில்தான் கூட்டுகிறார்.

இது நம் காலத்துப் புது நோயும் இல்லை. பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நடைப்பயிற்சியில் பாதம் வீங்கி வலியோடு வந்த சிப்பாய்களைப் பற்றி 1855-இல் எழுதிவைத்தார். எக்ஸ்ரே இல்லாத காலம் அது. பின்னால்தான் அது எலும்பில் விழுந்த விரிசல் என்று தெரிந்தது. அடிபடாமலே, திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் விரிசல். படைக்குப் புதிதாகச் சேர்ந்து, பழக்கமில்லாத காலோடு திடீரென்று கிலோமீட்டர் கணக்கில் நடந்தவர்களுக்கு வந்தது. இன்று பட்டாளத்தில் சேர ஆசைப்படுகிற நம் பையன்களின் கணைக்கால் எலும்பில் வருவதும் அதுதான்.

டென்மார்க் ஆய்வாளர்கள் 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை 18 மாதங்கள் தொடர்ந்து பார்த்து 2025-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற பழைய பாடத்தை எல்லோரும் கேட்டிருப்போம். இவர்களுக்குத் தெரிய வந்தது வேறு. வாரக் கணக்கைவிட ஒரே ஒரு நாளின் ஓட்டம்தான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் ஓடினால் காயத்துக்கான வாய்ப்பு ஏறுகிறது. இரண்டு மடங்குக்கு மேல் ஓடினால் அந்த வாய்ப்பும் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. லீவு முடிந்து திரும்புகிறவர் இந்தக் கணக்கைத் தன் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். டிசம்பரில் 20 கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். ஒரு மாதமாக ஓடவில்லை என்றால் அந்த 20 இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. இந்த வாரம் ஓடிய 4 கிலோமீட்டர்தான் உங்கள் தூரம், அடுத்தது அதிலிருந்து ஏற வேண்டும்.

சேவுகம்பட்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மேற்கே கண் முன்னாலேயே கொடைக்கானல் மலைத்தொடர் நிற்கிறது. பெரும்பாறை, தாண்டிக்குடி நோக்கி ஏறுகிற மலைச்சாலை ஓடுகிறவரை இழுக்கத்தான் செய்யும். காற்று குளிர்ச்சி, காபித் தோட்டம், வண்டி குறைவு. ஆனால் லீவு முடிந்த முதல் மாதத்தில் அது வேண்டாம். ஏறுவதால் கெடுதல் பெரிதாக வராது, இறங்குவதுதான் கெடுக்கும். சரிவில் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. பழக்கம் விட்ட தசையில் அது நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கும். வலி அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் நாள் படி இறங்க விடாது. அதுவரைக்கும் அய்யம்பாளையம் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் சமதளத்தில் போகிற மண்பாதைகள் போதும். தார் ரோட்டைவிட மண் நல்லது என்று நான் அதைச் சொல்லவில்லை. விடியலில் தார் ரோட்டில் காய்கறி வண்டியும் பூ வண்டியும் பறக்கின்றன. இருட்டில் தனியாக ஓடுகிற பெண்பிள்ளைகளுக்கு அந்த ரோடு இன்னும் ஆபத்து. நாலைந்து பேராகச் சேர்ந்து பள்ளிக்கூட மைதானத்தில் சுற்றுவதே மேல். பேரூராட்சிகள் இப்படிப்பட்ட மைதானங்களில் விடியல் ஐந்து மணிக்கு ஒரு விளக்கைப் போட்டுக் கொடுத்தால் எத்தனையோ வீட்டுக்கு அரசு வேலை வரும்.

முதல் வாரத்தில் நடையைக் கலந்து ஓடுவதில் வெட்கம் வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, கொஞ்சம் ஓடி கொஞ்சம் நடக்கிற முறையைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று அரை மணி நேரம் போனால் இதயத்துக்கு வேலை முழுதாகக் கிடைக்கிறது, எலும்புக்குச் சுமை குறைகிறது. நம் அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் 2004-இல் நடந்த விபத்தில் கால் மூட்டு நொறுங்கியவர். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். அவருடைய கட்சி பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். நொறுங்கிய கால் அவசரப்படாமல் எவ்வளவு தூரம் திரும்பி வர முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

ஓடிக்கொண்டே இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. கென்யாவில் பிறந்து அமெரிக்காவுக்காக ஓடிய பெர்னார்ட் லகாத், 2007 ஒசாகா உலகப் போட்டியில் 1,500, 5,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். ஒவ்வொரு வருஷமும் சீசன் முடிந்ததும் ஐந்து வாரம் ஷூவைத் தொடமாட்டார், ஆசைப்பட்டதைச் சாப்பிடுவார். அவர் 41 வயதில், 2016 ரியோ ஒலிம்பிக்கின் 5,000 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடினார். வருஷா வருஷம் எடுத்த அந்த ஓய்வு அவர் காலை இத்தனை காலம் காப்பாற்றியதில் பங்கு வகித்தது என்றே நம்புகிறேன். தை மூன்று வரைக்கும் ஊரில் சும்மா இருக்கிற ஓட்டக்காரரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் லகாத்துக்கு அடுத்த பந்தயத் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஐந்து வார ஓய்வுக்குப் பின்னால் எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து ஓய்வெடுக்க அவரால் முடிந்தது. போலீஸ் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் அந்தத் தேதி கையில் இல்லை. அவர்களுக்கு முழு ஓய்வு கட்டுப்படியாகாது. அதற்கு வழியும் உண்டு. ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில், வாரத்துக்கு 6 நாள் பயிற்சி செய்தவர்களை 2 நாளாகக் குறைக்கச் சொன்னார். பயிற்சி நாளின் வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. 15 வாரம் கழித்தும் அவர்களுடைய ஆக்சிஜன் திறன் அப்படியே இருந்தது. உயரத் தூக்குவதற்கு ஆறு நாள் வேண்டும், உயர்ந்ததைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளும் கால் எலும்புக்குப் பழைய சுமையை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும் என்பது இன்னொரு லாபம்.

வலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தொடையும் கெண்டைக்காலும் பரவலாக வலித்தால் பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு மூன்று நாளில் போகும். கணைக்கால் எலும்பில் ஒரே இடத்தில், ஒரு விரலால் அழுத்தினால் சுரீரென்று வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். எலும்பு டாக்டரைப் பாருங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம், அதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊசி போட்டுக்கொண்டும் மாத்திரை விழுங்கிக்கொண்டும் கிரவுண்டில் இறங்கினால் ஆறு வாரத்தில் ஆறவேண்டியது ஆறு மாதம் இழுக்கும்.

எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிற தம்பி, தங்கைகளே, புத்தகத்தை மூடாதீர்கள். திங்களும் வியாழனும் மட்டும் காலையில் அரை மணி நேரம் மைதானத்துக்குப் போய்வாருங்கள். பிசிக்கல் தேதி எப்போது வந்தாலும் வரட்டும்.